தோற்றது நான்

தோற்ற அன்று என்னிடம் யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள், வாசல் நிறைய செருப்பு. வந்தவர்கள் எல்லோரும் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்றாதீங்க அண்ணாச்சி" என்றார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஊராட்சித் தலைவர் தேர்தலில் வேட்பாளர் நான். வேட்புமனுவில் இருந்தது என் பெயர். தோற்றது நான். அந்தத் தோல்வியைக்கூட எனக்கு விட்டுத்தர ஊரில் ஒருவருக்கும் மனசில்லை.

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரு தடவை வார்டு உறுப்பினராக இருந்தவர். அதற்குப் பிறகு அவருக்குத் தலைவர் நாற்காலியைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட செய்தி வந்ததும் வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. பிறகு ஒரு காலையில் முகம் தெளிந்து வந்து, "ஏட்டி, நீ நில்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். விருப்பமா என்று கேட்கவில்லை. கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்று சொல்வாரே, அதே குரல்.

அவர் பேசுவார், நான் கும்பிடுவேன். பிரச்சாரம் முழுக்க அதுதான் ஏற்பாடு. ஒரே ஒரு நாள் மட்டும் அவருக்குக் காய்ச்சல். அன்று ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் காலனிக்கு நான் தனியாகப் போனேன். அங்கே உள்ள பெண்கள் எல்லோரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் கழுகுமலையில் தீப்பெட்டி ஒட்டியவள்தான். அதனால் பேச்சு சுலபமாக வந்தது. ரேஷன் வாங்க அவர்கள் எங்கள் ஊருக்கு நடந்து வரவேண்டும். அன்றைய சம்பளம் போய்விடும். மிஷினில் ரேகை விழவில்லை என்றால் இன்னொரு நாள் சம்பளமும் போகும். மழைக்காலத்தில் கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ள, தலையில் அரிசியோடு வருவது என்ன பாடு என்று அந்த வழியே நடந்தவர்களுக்குத்தான் தெரியும். காலனிக்கே ஒரு பகுதிநேரக் கடை வேண்டும் என்று கேட்டார்கள்.

"ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, ஒரு திங்கக்கிழமை உங்க கூட தூத்துக்குடிக்கு வாரேன். எல்லாரும் சேந்து கலெக்டர்ட்ட மனுக் கொடுப்போம்" என்றேன். அந்தத் தேர்தலில் என் வாயால் நான் கொடுத்த ஒரே வாக்கு அது.

கோவில்பட்டியில் ஓட்டு எண்ணிய அன்று வாசலில் நின்ற போலீஸ்காரர், "வேட்பாளர் யாரு?" என்று கேட்டார். என் கணவர் முன்னால் போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

தோற்ற பிறகு அவர் சில நாள் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடந்தார். அது தேவலை. எழுந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது. எந்தத் தெரு காலை வாரியது, எந்தச் சொந்தக்காரன் கூடவே இருந்து குழி பறித்தான் என்று ஓயாத விசாரணை. கல்யாணப் பத்திரிகை வந்தால் போகலாமா என்று அவர் யோசிப்பதில்லை, இந்த வீட்டு ஓட்டு யாருக்கு விழுந்திருக்கும் என்றுதான் யோசிப்பார். திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். மொட்டை போட்டும் ஆங்காரம் இறங்கவில்லை. குற்றம் சொல்ல ஊரில் ஆள் தீர்ந்துபோனதும் என்னிடம் வந்தார்.

"நீ இன்னும் கொஞ்சம் சிரிச்ச முகமா கும்பிட்டிருக்கலாம்" என்றார். அப்போது என் கையில் தோசைக்கரண்டி இருந்தது. அது கையிலேயே இருந்தது அவர் செய்த புண்ணியம்.

தோற்றவர்களும் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு சுற்று வருவது எங்கள் பக்கத்து வழக்கம். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?" என்று அவர் மறுத்துவிட்டார். என் மூஞ்சி இருக்கிறதே என்று நான் கிளம்பினேன். முதல் தெருவில் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "வாங்க மதினி. வேட்பாளர் வரலியா?" என்று கேட்டாள். "நாந்தான வேட்பாளர்" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். அவள்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? தெருத்தெருவாக அவளுக்கு அப்படிக் காட்டி வைத்தது நாங்கள்தானே.

காலனியில் யாரும் சிரிக்கவில்லை. "எந்தத் திங்கக்கிழமை போவோம்?" என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த திங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கணவர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு சால்வைப் பொட்டலத்தோடு நிற்கிறார். மொட்டைத் தலையில் எண்ணெய் மினுங்குகிறது. ஜெயித்தவர் வீட்டுக்குப் போகிறோமாம். "எத்தன நாளைக்கு ஒதுங்கி இருக்க முடியும்? நாலு வேலை நடக்கணும்லா" என்றார். நேற்று வரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கிறவன் மனுஷனே இல்லை என்று சொன்ன வாய் அது. தோல்வியை அவர் இப்படித்தான் ஜீரணித்தார்.

என்னை ஜெயித்தவள் என்னைவிட இளையவள். அவள் கணவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நாங்கள் போனபோது கூடத்தில் அந்த முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் சால்வையைப் பிரித்து அவருக்குப் போர்த்தினார். ஜெயிக்காத ஆணுக்குத் தோற்காத ஆண் சால்வை போர்த்துகிறான், சுற்றி நின்ற ஆண்கள் கை தட்டுகிறார்கள். "இனிமே நம்ம பக்கமிருந்து ஒரு தொந்தரவும் வராது அண்ணாச்சி" என்று என் கணவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயித்தவளைத் தேடி உள்ளே போனேன். அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் முழுக்க ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டரில் எதிரெதிரே முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் நின்றோம். காலனிக் கதையை அவளிடம் சொன்னேன். "திங்கக்கிழமை நீங்களும் வாங்க. தலைவரே கூட வந்தா மனுவுக்கு ஒரு மதிப்பு இருக்கும்" என்றேன்.

அவள் பாலைப் பார்த்தபடியே, "நல்ல காரியந்தான் அக்கா. அவியட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அவளை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் நான் ஜெயித்திருந்தால் என் வீட்டு அடுப்படியில் இதே பாலுக்குக் காவல் நின்றுகொண்டு இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அந்த நினைப்பு வந்ததும் கோபம் அவளை விட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பியது. டம்ளர்களை நான் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவளே கொண்டு போய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பியதும் கணவர் வாசலை மறித்தார். "தொந்தரவு வராதுன்னு அவியட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். தோத்தவ போயி மனுக் கொடுத்தா ஊரு சிரிக்கும்."

"நீங்க கொடுத்த வாக்க நீங்க காப்பாத்துங்க. நான் கொடுத்தத நான் காப்பாத்துதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். காலனிப் பெண்களோடு பஸ் ஏறினேன். அன்று அவர்களுக்குச் சம்பளம் இல்லை. மனுவைக் கொடுத்தோம். பதில் வராததால் மறுபடியும் போனோம், அதற்குப் பிறகும் போனோம். ஜெயித்தவள் ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டாளோ என்னவோ, அவள் வீட்டுக்காரர் விடவில்லை போல.

கடைசியில் கடை வந்தது, சனிக்கிழமை மட்டும். திறப்பு விழாவில் முதலாளி ரிப்பன் வெட்டினார். பக்கத்தில் என் கணவர் போட்டோவுக்குப் பல்லெல்லாம் தெரிய நின்றார். பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, பையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அரிசி அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டது, அது போதும் என்று சொல்லத்தான் ஆசை. போதவில்லை. இன்றைக்கும் அந்தப் போட்டோவைப் பார்த்தால் எரிகிறது.

இப்போது மறுபடியும் தேர்தல் பேச்சு அடிபடுகிறது. இந்தத் தடவையும் பெண்களுக்குத்தான் என்கிறார்கள். கணவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "ஏட்டி, இந்தத் தடவை விடக் கூடாது. நிக்கியா?"

"நிக்குதேன்" என்றேன். "ஆனா ஓட்டுக் கேக்க நான் மட்டுந்தான் போவேன். நீங்க கூட வரவேண்டாம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கணக்கு இடிக்கிற மாதிரி என்னையே பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"நான் வராம, எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்று கேட்டார்.