மச்சான் நெஞ்சில் உறங்கிய என் மகள்

போன பங்குனியில் என் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தாய் கண் விழிக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. அன்பான விசுவாசிகளே, அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் அன்று நடந்ததை உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குப் பஞ்சர் கடை. எங்களுடையது பரம்பரையாக ஒரே கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற குடும்பம். எஸ்தரின் வீட்டார் வேறு சபை. பூ வைக்க மாட்டார்கள், நகை போட மாட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டியதற்காக அவளுடைய அண்ணன் சாமுவேல் பந்தியில் உட்காராமலே போய்விட்டார். தேர்தல் வந்ததும் அது இன்னும் முற்றியது. நான் கட்சித் துண்டோடு கோயில் வாசலிலேயே ஓட்டுக் கேட்கிறவன். எங்கள் சின்னத்துக்குப் போடாதவன் கிறிஸ்தவனே இல்லை என்று பேசினேன். விசுவாசி ஓட்டே போடக்கூடாது என்றார் மச்சான். அத்தோடு பேச்சு நின்றது.

தங்கைக்கு முடியவில்லை என்றதும் மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டார். நான் அப்போது எங்கள் கோயில் போதகர் ஐயருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது எங்கள் கோயில் வழக்கம். அது மச்சான் காதில் விழுந்தது.

“விவரம் தெரியாத பிள்ளைக்கு என்ன மாப்ள ஞானஸ்நானம்? அது செல்லாது.”

“எம்பிள்ளைக்கு எது செல்லும்னு ஒங்க சபையில கேட்டுட்டு வரணுமா மச்சான்?”

வார்த்தை தடித்தது. உள்ளே பிள்ளை போராடுகிறது, வெளியே நாங்கள் இரண்டு பேரும் ஜெபிக்கவே இல்லை. அதுதான் உண்மை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸம்மா வந்தார். மூச்சு கொஞ்சம் நிலைக்கு வந்திருக்கிறது, உடம்பில் சூடுதான் நிற்கவில்லை, தாய் நெஞ்சில் போட முடியாததால் சொந்தக்காரர் யாராவது வெறும் நெஞ்சில் பிள்ளையை அணைத்து உட்கார வேண்டும் என்றார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. ரெண்டு பேரும் சட்டையக் கழட்டிட்டு, கையக் கழுவிட்டு வாங்க. மாத்தி மாத்திப் பிடிக்கணும்ல.”

என் கட்சித் துண்டும் மச்சானின் வெள்ளைச் சட்டையும் வெளியே ஒரே ஆணியில் தொங்கின.

முதலில் நான் பிடித்தேன். கோயிலில் சொல்லுகிற ஜெபம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. “ஆண்டவரே, தாங்கும்” என்பது மட்டும்தான் வந்தது. மச்சானோ தெருவே கேட்க ஜெபிக்கிற ஆள். அங்கே சத்தம் போட முடியாது. பிள்ளையை வாங்கும்போது அவருக்கு உதடு மட்டும் அசைந்தது, கண்ணீர் ஒழுகியது.

“தலையப் பாத்து மாப்ள. மெதுவா. ம், வந்துருச்சு. ஆத்தாடி, எலிக்குஞ்சு மாதிரில்ல இருக்கு.”

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அவர் நெஞ்சில் உறங்கிப்போனது. மூச்சு ஒரே சீராக வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கூப்பிட்ட ஆண்டவரைத்தானே இவரும் கூப்பிடுகிறார். எங்கள் ஐயர் வந்தபோது, “ஞானஸ்நானத் தண்ணி இப்ப வேண்டாங்கய்யா, ஜெபம் மட்டும் பண்ணுங்க. அவ அம்மா முழிக்கட்டும், கேட்டுக்கிருவோம்” என்று நானே சொன்னேன். அவர் மச்சானின் தோளில் கை வைத்து ஜெபித்தார்.

ஆண்டவர் இரங்கினார். எஸ்தர் கண் விழித்தாள். பிள்ளைக்குக் கிருபா என்று பேர் வைத்தோம். இப்போது தவழ்ந்துபோய்க் கடை டியூப்பையெல்லாம் இழுத்துப் போடுகிறாள்.

நான் என் கோயிலுக்குத்தான் போகிறேன், மச்சான் அவர் சபைக்குப் போகிறார். ஞானஸ்நானப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஓட்டு எனக்குப் பிடித்தவருக்குப் போடுவேன். ஆனால் ஆண்டவர் பேரைச் சொல்லி யாரிடமும் ஓட்டுக் கேட்க மாட்டேன். எஸ்தர் பூ வைக்கிறாள், அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் இப்படிப் பேச்சற்றுப்போன ஒரு விசுவாசி வீடு இருக்கலாம். ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த வாசலுக்குப் போய், “எனக்காக ஜெபிங்க” என்று கேளுங்கள். நம்பிப் போங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஆண்டவர் அங்கே இருப்பார்.