பிள்ளை பார்க்க வந்தவ

என் மகளுக்குப் பாலூட்டிய பெண்ணை, அந்த மண்டபத்தில் யாரென்று நான் சொல்லியிருக்க வேண்டும்? மூன்று வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம்தான் வருகிறது.

மகள் பிறந்த பத்தாம் நாள் சிசேரியன் புண்ணில் கிருமி தொற்றி, நான் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பால்மா ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை கக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், எனக்கு அக்கா மாதிரி. அப்போது அவருக்கும் கைக்குழந்தை. யாரும் கேட்காமலே என் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் வீடு திரும்பியதும் சிரித்தார்.

“இனி இவ என்ட பால்குடி மகள். என்ட மகனுக்குத் தங்கச்சி. ரெண்டு பேருக்கும் கலியாணம் ஹராம், செய்யவே கூடாது. நல்ல மாப்பிள்ளை ஒண்ட இழந்திட்டாய் புள்ள!”

சிரிப்பு சிரிப்புத்தான். ஆனால் அவர்கள் மார்க்கத்தில் அது விளையாட்டில்லை. பால் கொடுத்தவள் தாய்.

போன மாதம் எங்கள் திருச்சபை மண்டபத்தில் இறையியலாளர்கள் இரண்டு நாள் கூடினார்கள். சபை வாழ்க்கை, அறநெறி, பிற சமயத்தாரோடு வாழ்தல் என்று வரிசையாகக் கட்டுரைகள். குறிப்பெடுக்கும்படி போதகர் என்னிடம் கேட்டார். எனக்கு மறுக்கத் தெரியாது. ராத்தா தன் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, என் மகளோடு பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

முதல் நாள் காலை முழுவதும் ஒரே சொல்லுக்குச் சண்டை. வேதம் நேசிக்கச் சொல்வது ‘பிறனை’யா, ‘அயலானை’யா, அதாவது பக்கத்து வீட்டுக்காரனையா? பிறன் என்றதுமே ஆளைத் தள்ளிவைத்துவிடுகிறோம் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் கிரேக்க மூலத்தைத் திரையில் காட்டினார். நான் ஒரு வரி விடாமல் எழுதினேன். மெய்சிலிர்க்கக்கூடச் செய்தது.

தேநீர் இடைவேளையில், மேசையைத் தட்டிய அதே மனிதர் என்னருகே வந்தார். ராத்தாவின் கறுப்பு அபாயா அங்கியைப் பார்த்தபடி கேட்டார்.

“இவ ஆர்?”

“பிள்ளை பார்க்க வந்தவ, ஐயா.”

அப்படித்தான் சொன்னேன், கூலிக்கு வந்த ஆயாவைச் சொல்வதுபோல. மகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. முஸ்லிம் பெண்ணின் பால் குடித்தவள் என்ற உண்மையைச் சொன்னால் என்ன கேள்வி வருமோ என்ற பயம்.

அவர் ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நல்லதாப் போச்சு. தங்கச்சி, இந்தக் கோப்பையளை எடுத்து ஒருக்காக் கழுவுங்கோவன்.”

ராத்தா என்னைப் பார்த்தார். நான் குறிப்பெழுதிய கொப்பியைப் பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே கோப்பைகளை அடுக்கினார். அத்தனை அறிஞர்களில் ஒருவர்கூடத் தன் கோப்பையைத் தானே எடுக்கவில்லை. சிலர் அவர் கையில் நீட்டினார்கள். காலை முழுக்க அயலான், அயலான் என்று கத்திய வாய்கள்!

திரும்பும்போது ஆட்டோவில் ராத்தா கேட்டார்.

“நான் பிள்ள பாக்க வந்தவளா புள்ள?”

“இல்ல ராத்தா, அது வந்து...”

“ஓம், பிள்ள பாத்தன்தானே. விடு.”

அதற்குப் பிறகு அவர் என் மகளைத் தூக்க வரவில்லை. மகனுக்குக் காய்ச்சலாம். அந்த மகன் முற்றத்தில் தவழ்ந்து திரிவது என் ஜன்னலில் தெரிகிறது.

அச்சிடப்போகும் அறிக்கையில் தேநீர் இடைவேளையையும் எழுதிக் கொடுத்தேன். போதகர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“மகள், அறிக்கையில தேத்தண்ணிக் கதை எதுக்கு? அவர் பெரிய மனிசன், தெரியாமச் சொன்னது.”

தெரியாமலா? அபாயா போட்டவள் கோப்பை கழுவுவாள் என்று எந்த மூலத்தில் இருக்கிறது? என் பொய்க்கு நான் பொறுப்பு. அந்தக் கோப்பைகளுக்கு அவர்கள் பொறுப்பு.

அந்தப் பக்கத்தை நீக்கித் தரச் சொல்கிறார் போதகர். நீக்காவிட்டால் ராத்தாவின் அவமானமும் அச்சில் ஏறும். அதற்கு அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்கப் போனால், முதலில் மன்னிப்பு. “விடு” என்று சொல்லிவிட்டவரிடம் அதை எப்படித் தொடங்குவது? அவர் மாமியார் முன்னாலா, தனியாகவா? வாசிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அறிக்கையை இந்த வாரம் கொடுக்க வேண்டும்.