பெருக்கல் குறிக்குக் கீழே நின்றவன்

அச்சகத்தில் அவளுக்குக் 'கோட்டம்மா' என்று பெயர். அவள் வரையும் ஆட்களுக்கு நிழல், வண்ணம் எதுவும் கிடையாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளிலும் தீ விபத்து அறிவிப்பிலும் வரும் கண், மூக்கு இல்லாத மனிதர்களைப் பத்துப் பன்னிரண்டு கோடுகளில் நிற்க வைப்பாள். பதினெட்டு வருடமாக அதுதான் வேலை.

ஒருமுறை தொழிற்சாலைகளுக்கான சுவரொட்டி ஒன்று வந்தது, பாரம் தூக்கும் முறை பற்றி. முழங்காலை மடக்கித் தூக்குபவன் சரி. முதுகை வளைத்துத் தூக்குபவன் தவறு; அவன் தலைக்கு மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

மேலாளர் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா, பெட்டி தூக்குறவன வரையச் சொன்னா, துக்க வீட்டுல இருந்து வர்றவன வரைஞ்சிருக்கீங்க?"

"முதுகு வளையணும்னு சொன்னீங்களே சார்."

"வளையட்டும். இப்படியா ஒடியணும்?"

மறுபடி வரைந்தாள். கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரே கோடு. ஆனால் தோளைத் தாண்டும்போது, அவளைக் கேட்காமலே பென்சில் தளர்ந்தது. மூன்றாவது தாளில்தான் அடையாளம் தெரிந்தது. அண்ணன்! அப்பா செத்த அன்று சுவரைப் பார்த்து அவன் உட்கார்ந்திருந்த அதே முதுகு. ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. அழிக்க அழிக்க அவனே வந்து நின்றான். கெடு முடிந்துவிட்டதால் அந்தப் படமே அச்சேறியது.

இரண்டு மாதம் கழித்து அண்ணி அச்சகத்துக்கு வந்தாள். அண்ணன் காணாமல் போனபோது, "அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் இவள் கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அண்ணி கையில் அந்தச் சுவரொட்டி இருந்தது. வேலை பார்க்கும் இடத்துச் சுவரிலிருந்து உரித்திருக்கிறாள்.

"இது உங்க அண்ணன்தானே?"

"முகமே இல்லையே அண்ணி."

"முகம் எதுக்கு? பன்னெண்டு வருஷம் அந்த முதுகப் பார்த்துத்தான் தூங்கினேன்." அண்ணி நின்றபடியே சொன்னாள். "அன்னைக்கு வாசல்ல இப்படித்தான் குனிஞ்சு நின்னாரு. செருப்பு மாட்டுறாருன்னு நினைச்சு உள்ள போயிட்டேன். நான் ஒண்ணுமே சொல்லல. 'என்னங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இவர நிமிர்த்தி வரைய முடியுமா?"

வரைந்தாள். நேரான கழுத்து, விரிந்த தோள். அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்கு."

அன்று மாலை அவளே அண்ணியைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள். அதன்பின் மாதம் ஒரு முறையாவது அண்ணி வருகிறாள். அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பேருந்துக்கு நிற்கும்போது யாராவது குனிந்தபடி முன்னால் நடந்து போனால் இருவர் பேச்சும் ஒன்றாக நின்றுவிடும். அந்த ஆள் திரும்பி முகத்தைக் காட்டும்வரை யாரும் வாய் திறப்பதில்லை.