வெளியே போட்ட ஸ்டூல்

நீல பிளாஸ்டிக் ஸ்டூல் எங்கே கண்ணில் பட்டாலும் என் விரல்நுனியில் லாரிப் புழுதி ஒட்டிக்கொண்டது போலிருக்கும். ராயபுரத்தில் மிஸ் நடத்திய டியூஷனில் அப்படி ஒன்று எப்போதும் வாசலுக்கு வெளியே கிடந்தது. எதிரே, ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். பத்து வயதுப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்வார் மிஸ். ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படித்து, புரிந்து, விடை எழுத வேண்டும். பத்தியில் இல்லாததை எழுதியவர்களுக்கு ஸ்டூல். வகுப்பு முடிந்ததும் அதைத் துடைத்து உள்ளே வைப்பதும் அவர்கள் வேலைதான். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்வார்: "ஓரத்துல இன்னும் அழுக்கு இருக்கு பாரு."

என்னை அதில் உட்கார வைத்தது ஒரு படகுப் பத்தி. படகுகள் ஏன் கடலுக்குப் போகவில்லை என்பது கேள்வி. வானம் இருண்டுவிட்டது என்று பத்தியிலேயே இருந்தது. நானோ, ஐஸ் வரவில்லை என்று எழுதினேன். என் மாமா காசிமேட்டில் படகுக்குப் போகிறவர். மீனைக் கெடாமல் வைக்கும் ஐஸ் லோடு வராவிட்டால் படகு கிளம்பாது; அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கிடப்பார். மிஸ் என் விடையை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "ஐஸ் வரலையாம். பேப்பர்லயே மீன் நாத்தம் அடிக்குது. உங்க வீட்டுக் கதைய யாரு கேட்டா?" வகுப்பே சிரித்தது. விடை தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தி சொல்வது எது, நமக்குத் தெரிந்தது எது என்று பிரிக்கும் வித்தையை மிஸ் உள்ளே இருந்தவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். பாதி நாட்கள் நான் வெளியே இருந்தேன். தேர்வில் பத்தியைப் பார்த்ததும், தெரிந்த எதையாவது எழுதித் தொலைப்பேனோ என்ற பயத்தில் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு வந்தேன். சீட் போயிற்று.

அந்த வித்தை எனக்குப் பிடிபட்டது திருவொற்றியூரில், தண்ணி லாரி வரிசையில். குடச் சண்டை முற்றினால் என் அம்மாவிடம்தான் பஞ்சாயத்து வரும். "அவ இன்னா சொன்னா, அத்த மட்டும் சொல்லு. நீ இன்னா நெனச்சன்னு நான் கேட்டனா?" என்று மடக்குவாள். கல்லூரி முடித்த கையோடு எர்ணாவூர் குடியிருப்பில் கீழ்த்தளத்து அறையொன்றில் வகுப்பு தொடங்கினேன். இதைச் சேவை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். மிஸ்ஸின் டியூஷன் பிள்ளைகளுக்குப் போகும் சீட்டை என் பிள்ளைகள் பறிக்க வேண்டும், அவ்வளவுதான். என் வகுப்பில் முதலில் சண்டை. இரண்டு பேர் குடத்தோடு மோதுவார்கள், மூன்றாவது ஆள் சாட்சி சொல்ல வேண்டும். "அவ சொன்னாளா, நீயா சேத்துகினியா?" என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் பத்தி. சீட்டுகள் வரத் தொடங்கின.

போன வருடம் மிஸ்ஸே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "அழகா வாசிப்பா. நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், கேள்வி கேட்டா மட்டும் அப்படியே உக்காந்துடுறா" என்றார். அந்தப் பெண் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். கேள்வியைக் கேட்டதும் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெள்ளைத் தாளையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரக்கம் வந்ததென்று எழுத ஆசைதான், வரவில்லை. இவளை என் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. மற்ற பெற்றோர் உள்ளே பாயில் உட்காருவார்கள். மிஸ்ஸுக்கு மட்டும், கடை கடையாக ஏறித் தேடிய நீல ஸ்டூல் ஒன்றை வெயிலில், லாரிப் புழுதியில் போட்டேன். வாராவாரம் அதில்தான் உட்கார்ந்தார். உள்ளே மகள் குடச் சண்டையில் புலியாகிக்கொண்டிருந்தாள்.

சீட் கிடைத்த சேதியோடு வந்த அன்றும் மிஸ் பழக்கத்தில் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோழிகளிடம் பீற்றிவிட்டு வெளியே வந்தவள் தாயைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வெய்யில்ல குந்திகினு கீற? உள்ள வந்து குந்தேன்."

மிஸ்ஸின் முகம் சுருங்கியது. "என்ன பாஷைடி இது?"

"சீட்டு வாங்கின பாஷைதாம்மா."

நான் ஒரு துணியை நீட்டினேன். "ஸ்டூலைத் துடைச்சு உள்ள வச்சிடுங்க மிஸ். இங்க அதுதான் பழக்கம்."

மகள் பார்த்துக்கொண்டிருக்கத் துடைத்தார். பாதியில் கை நின்றது. அன்றுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ... அந்த ஐஸ் வரலன்னு..."

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஓரத்துல இன்னும் அழுக்கு இருக்கு பாருங்க, மிஸ்."