பொட்டும் புள்ளியும்

மலேசியாவில், கூலாய் ஊரில் எங்கள் ஓவியக்கூடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்கூடக் கிடையாது, எல்லோரும் தொண்டூழியர்கள். அதனால் ஆளுக்கொரு பதவி. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், ஆலோசகர் என்று பதவியெல்லாம் தீர்ந்துபோன பிறகு மிஞ்சியவர் ரபேல் அண்ணன் ஒருவர்தான். ஆகவே வேலையை அவர் செய்தார். படம் மாட்டுவார், கூட்டிப் பெருக்குவார், கழிவறையைத் தேடி மேலே ஏறிவரும் டயர் கடை வாடிக்கையாளர்களை நைசாகப் படங்களின் பக்கம் திருப்பிவிடுவார். எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

படம் விற்றுவிட்டால் பக்கத்திலிருக்கும் பெயர் அட்டையில் சிவப்புப் புள்ளி ஒட்டுவதும் அவர் பொறுப்பு. அந்த ஒட்டுவில்லைத் தாள் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. ரபேல் அண்ணன் பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். அங்கே சிவப்புப் புள்ளி விழுந்தால் அந்தச் சாமான் தேறாது, தூக்கிப் போடு என்று அர்த்தம். வேலை ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து, அதே புள்ளிக்கு ஆட்கள் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்த்ததும் மனுஷனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கொஞ்ச நாள்தான். பிறகு தனக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

அவரும் படம் வரைகிறவர் என்பது எங்களுக்கு அடிக்கடி மறந்துபோகும். ஒவ்வொரு கண்காட்சியிலும் அவருடைய ஒரே படம், கழிவறைக்குப் போகும் வழியில், ஒரே ஆணியில் தொங்கும். மழையில் ஒரு பஸ் நிறுத்தம். நீலச் சட்டை போட்ட தொழிற்சாலைப் பெண்கள் கும்பலாக நிற்கிறார்கள். சாலை காலியாகக் கிடக்கிறது.

"பஸ் எங்கண்ணே?" என்று கேட்காதவர் இல்லை.

"இன்னும் வரல லா" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைக் கண்காட்சியின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டோம். சாமிக்கு எப்படியோ, எங்களுக்கு அது லீவு நாள். செயலாளர் ஷாமளா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. தூரிகைகளுக்குப் பொட்டு, ஏணிக்குப் பொட்டு, தண்ணீர் காய்ச்சும் கெட்டிலுக்கும் பொட்டு. கண்ணாடியில் வைத்தால் அழுக்காகும் என்று ஒவ்வொரு படத்தின் பெயர் அட்டையிலும், கீழ் மூலையில், குங்குமத்தை அளவாக வட்டமாக வைத்துக்கொண்டே போனாள். ரபேல் அண்ணனின் படத்தை மட்டும் தாண்டிப் போனாள்.

"ஏம்மா, எனக்கு இல்லியா?"

"அண்ணே, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. சங்கடமா இருக்கும்னுதான் விட்டேன்."

"கெட்டிலுக்கு வச்சிட்ட. எனக்கு மட்டும் இங்கயும் ஒண்ணும் இல்லியா? வைம்மா. பாதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் ஷாமளாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தாள்.

நாங்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சீனப் பெண் மேலே வந்தார். கீழே காருக்கு டயர் மாற்றுகிறார்கள், அவருக்கும் கழிவறைதான் வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தின் முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். பல் மருத்துவராம். செனாயில் புதிதாகக் கிளினிக் திறக்கப் போகிறாராம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு சுவர் காலியாக இருக்கிறதாம்.

"என் அம்மாவும் இந்த மாதிரி பஸ்ஸுக்குத்தான் நிப்பாங்க, அங்கிள்" என்று மலாயில் சொன்னார். பஸ் எங்கே என்று கேட்கவே இல்லை. பிறகு அவர் கண் அட்டையில் விழுந்தது. திரும்பிச் சுவர் முழுக்கப் பார்த்தார். எல்லா அட்டையிலும் சிவப்பு.

"அலமாக்! எல்லாமே சோல்டா? இதுவுமா?"

ரபேல் அண்ணன் படத்தைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார்.

"ஆமா. வித்துப் போச்சு."

நான் சுண்டல் தட்டைக் கீழே வைத்தேன். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா என் படத்தையும் பார்த்து, "இதுவுமா!" என்று வாயைப் பிளந்தார். அதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. துணைத்தலைவரும் ஆலோசகரும்கூடத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மருத்துவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். வாங்கியவரைக் கேட்டுப் பாருங்கள், விட்டுக்கொடுத்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஷாமளா பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? இத்தன வருஷத்துல இப்பத்தான் ஒருத்தங்க கேட்டாங்க!"

"விக்கலன்னா, ஏன் விக்கலன்னு யோசிப்பாங்கல்ல? அவ்ளோ ஆசையா பார்த்துக்கிட்டிருந்தாங்க. அத ஏன் கெடுப்பானேன்?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தேறாததைப் பிரித்து எடுத்தே வயதான மனிதர், தன் படத்தைத் தேறிய பக்கம் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்திருக்கிறார்.

ஷாமளாவே வழியும் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, வாங்கியவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொன்னால் தீர்ந்தது. கிளினிக் சுவரில் படம், அட்டையில் நிஜப் புள்ளி. ரபேல் அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண்காட்சி முடிந்த பிறகும் விற்ற படம் மாட்டியபடியே இருந்தால் நன்றாக இருக்காது என்று, படத்தை அட்டையோடு சேர்த்துப் போர்வையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இரண்டு நாள் போனது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. நானும் ஷாமளாவும் வீட்டுக்கே போனோம்.

ஹாலில் காலண்டர் இருந்த இடத்தில் படம் இருந்தது. அவர் மனைவி அந்தோணியம்மாள் அக்கா நாற்காலியை அதற்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டிவலியால் எங்கள் மாடிப்படியை ஒருநாளும் ஏறாதவர். படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"இங்க பாருங்க" என்று ஒரு நீலச் சட்டைக்காரியின் காலைக் காட்டினார். சிலிப்பரின் அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. எத்தனையோ தடவை தாண்டிப் போன படம். அந்த ஊக்கு எங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. "இது என் சிலிப்பர். கல்யாணத்துக்கு முந்தி. அன்னிக்கு இவரு எங்க இருந்தாருன்னே எனக்குத் தெரியாது."

"எதிர்க்கடையில ஒதுங்கி நின்னேன்" என்றார் ரபேல் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஷாமளா பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "அப்ப பஸ் எங்கண்ணே?"

"பஸ் வந்தா இவ போயிடுவாளே."

 பிறகு ஷாமளா வந்த வேலையைத் தொடங்கினாள். டாக்டர், கிளினிக், பெரிய சுவர், நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வித்துப் போச்சுன்னு இவரே சொன்னாராமே? பொட்டு வேற வச்சிருக்கு. அப்புறம் என்ன, இன்னொருத்தருக்குக் குடுக்கிறது? நான் தர மாட்டேன்."

ரபேல் அண்ணன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்புகளுக்கு நடுவே நின்று, மலாயில், ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"டாக்டர், வாங்கினவங்ககிட்ட கேட்டுப் பார்த்தேன். தர மாட்டேங்கிறாங்க."