சித்தி சொல்லியனுப்பிய சேதி

கல்யாணம் செய்துகொள்ள மலை தாண்டிப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கல்யாணத்தை முறித்துக்கொள்ள மலை தாண்டிப் போனவர்கள், எனக்குத் தெரிந்து, என் சித்தப்பாவும் சித்தியும்தான். கூடவே போனவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் இன்னும் கப்பலேறவில்லை, கொல்லிமலைக்கு ரோடு என்று ஒன்று வருமென்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் மலைக்கு மேற்கே, ஓர் ஏரிக்கரையில். சித்தி பிறந்த ஊர் மலைக்குக் கிழக்கே, அதுவும் ஏரிக்கரைதான். நடுவில் மலை படுத்திருந்தது. வண்டி கட்டிச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று நாளாகும். மலையேறிக் குறுக்கே இறங்கினால், காலில் தெம்புள்ளவர்களுக்கு ஒன்றரை நாள். எங்களுக்கு ஐந்து நாள் பிடித்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சித்தப்பாவுக்கு வழி மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டையின் கதை சின்னது. சித்தி கல்யாணமாகி வரும்போது தாய்வீட்டிலிருந்து ஒரு செவலைக் கிடாரியை ஓட்டி வந்திருந்தாள். ஆறு வருஷம் கழித்து, அவள் தம்பி கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் சித்தப்பா அந்த மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார். கேட்காமல் விற்றது தப்பு. கேட்டதற்கு “மாடுதானே” என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு வாயை மூடியவள்தான் சித்தி. சித்தப்பாவுக்கும் ரோஷத்தில் குறைவில்லை, அவரும் மூடிக்கொண்டார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, பத்து மாசம். அவள் சோறு போடுவாள், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. கடைசியில் பெரியவர்கள் கூடி, “ஒண்ணு வாயத் தொறந்து வாழுங்க, இல்லாட்டித் துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டு அவங்கவங்க பாட்டப் பாருங்க” என்று சொல்லிவிட்டார்கள். வாழ்கிறேன் என்று யார் முதலில் சொல்வது? இருவரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள். அதனால் துரும்பு என்றே முடிவாயிற்று.

துரும்பு கிள்ளுவதைப் பெண்ணின் ஊரில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அவளுடைய ஆட்கள் பார்த்திருக்க, புருஷன் ஒரு காய்ந்த துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளி அவள் முன்னால் போடுவான். அத்தோடு சரி. கொண்டுவந்தவனே கொண்டுபோய் விடவும் வேண்டும். ஆனால் பேசாத இரண்டு பேர் எப்படி ஒரு மலையைத் தாண்டுவது? “இவளைக் கூட்டிட்டுப் போங்க. இவ வாய்க்குத்தான் ஓய்வே கிடையாதே” என்று என் அம்மா என்னைக் கைகாட்டினாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலைக்காக அல்ல, துரும்புக்காக. ஒரு துரும்பைக் கிள்ளினால் ஒரு கல்யாணம் எப்படி முறியும்? சத்தம் கேட்குமா? தாலி தானாக அவிழ்ந்து விழுமா? எங்கள் தெருப் பிள்ளைகளில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்து வந்து ஒன்று விடாமல் சொல்கிறேன் என்று நாலு பேர் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆடி மாசம். மேலே போனதும் ஒற்றையடிப் பாதையில் காற்று ஆளைத் தள்ளியது. சித்தப்பா முன்னால், தலையில் உப்பு மூட்டை. சித்தி பின்னால், இடுப்பில் துணிமூட்டை. நடுவில் நான்.

“கண்ணு, இத்தன வேகமா நடந்தா என்னால ஆகாதுன்னு உங்க சித்தப்பாகிட்டச் சொல்லு.”

சித்தப்பா நாலடி தூரத்தில்தான் இருந்தார். நான் சொல்லும்வரை அவருக்குக் காது கேட்காது. சொன்னதும் நின்றார்.

“நான் மெதுவாத்தான் போறேன். உக்காந்து போலாமான்னு கேளு சாமி.”

“உக்காரலாமாங்க சித்தி?”

“அவருக்கு முடியலீன்னா உக்காரச் சொல்லு.”

இப்படியே வழி நெடுக. ஒரு பாறையைக் கண்டால் உட்கார்ந்தோம். ஒரு சுனையைக் கண்டால் உட்கார்ந்தோம். ஏறிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் நாலைந்து கூட்டம் எங்களைத் தாண்டிப் போனார்கள். முதல் நாள் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது, பெரிய அதிகாரி மாதிரி. இரண்டாம் நாள் அலுத்துப்போய், சொன்னதோடு நானாகக் கொஞ்சம் சேர்க்க ஆரம்பித்தேன். “தண்ணி வேணுமான்னு கேளு” என்று அவர் சொன்னால், “சித்தி, உங்களுக்கு நாக்கு வறண்டிருக்கும், பாவம், தண்ணி வேணுமான்னு சித்தப்பா கேக்கறாருங்க” என்பேன். சித்தி தண்ணீரை வாங்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சிரிக்கிறாள் என்று அவள் தோள் குலுங்குவதிலிருந்து தெரியும்.

மலைமேல் இருக்கிற செம்மேட்டில் அன்றைக்குச் சந்தை. ஒரு வளையல்காரனைக் கண்டதும் சித்தப்பா நின்றுவிட்டார். “உங்க சித்திக்கு என்ன அளவுன்னு கேளு” என்றார். ஆறு வருஷம் கூட இருந்தவருக்கு அது தெரியவில்லை பாருங்கள்.

“துரும்பு வாங்கப்போற கைக்கு வளையல் எதுக்குன்னு கேளு” என்றாள் சித்தி.

நான் கேட்டேன். அதில் எதையும் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா, “அப்ப உனக்கு வாங்கிக்க கண்ணு” என்று ஆறு பச்சை வளையல் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பெரியவர்கள் அளவு. கையைத் தூக்கினால் தோள்வரை ஏறின, இறக்கினால் கழன்று விழுந்தன. அளவு தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், மலைமேலேயே பெரக்கரை நாடு என்கிற பகுதியில், ஒரு மலைக்காரர் வீட்டில் தங்கினோம். சித்தப்பா உப்பு கொடுத்து மிளகு வாங்குகிற வீடு. அந்த வீட்டு அம்மா சித்தியைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆடிக்குத் தாய் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? ஏனுங்க, இதுக்கு முந்தி ஒரு தடவகூட எங்க கண்ணுல காட்டலியே!”

ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம்தானே. புருஷனும் பெண்டாட்டியும் மலையேறி வந்தால் வேறென்ன நினைப்பார்கள்? நான் வாயைத் திறந்தேன். சித்தியின் விரல் என் முதுகில் அழுந்திக் கிள்ளியது. “ஆமாங்க” என்றாள் சித்தி. “ஆமாங்க” என்றார் சித்தப்பாவும். பத்து மாசத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான். அப்புறம் பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஒரே இலையில் போட்டு இருவரையும் உட்கார வைத்தார்கள். பலாப்பழம் அரிந்தார்கள். சித்தப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளைப் பிரித்துக் கொட்டையை எடுத்து எடுத்து வைத்தார். நல்லதெல்லாம் சித்தி பக்கம் போயின. நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன், என் பங்கு குறைகிறதே என்று. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு சுரைக்குடுக்கையில் தேன் ஊற்றிக் கொடுத்து, “அடுத்த ஆடிக்கு மூணு பேரா வாங்க” என்றாள். மூன்று பேராகத்தானே வந்திருக்கிறோம், இந்த அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று பட்டது எனக்கு.

நான்காம் நாள் போக வேண்டியது நேர் கிழக்கே. சித்தப்பா தெற்கே திரும்பிக் கோயிலுக்குப் போகலாம் என்றார். சித்தி மறுக்கவில்லை. கோயிலை ஒட்டி ஓடுகிற ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டோம். பிறகு அருவியைப் பார்க்க இறங்கினோம். ஈரப் பாறையில் சித்தி காலை வைத்தாள்.

“பாத்து! பாசி!” என்று சித்தப்பா கத்தினார். கத்தியவர் அவள் கையையும் பிடித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். “சித்தப்பா, அத எங்கிட்டயல்லங்க சொல்லோணும்?” என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. சித்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் கையை விட்டுவிட்டார்கள். “போலாமான்னு கேளு கண்ணு” என்றாள் சித்தி. நான் மறுபடி உத்தியோகத்துக்கு வந்தேன். இப்போது நினைத்தால் அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் வெயில் தாழ்வதற்குள் கீழே இறங்கிவிட்டோம். ஏரியில் பாதிக்குத்தான் தண்ணீர். ஊர் ஏரிக்கு அந்தக் கரையில். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் சித்தியின் தம்பியும் நாலைந்து பெரியவர்களும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மூன்று நாளாகக் காத்திருந்தார்களாம். அவர்கள் எங்களை இன்னும் பார்க்கவில்லை. சித்தப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கைகால் கழுவத் தண்ணீருக்குள் போனார். வெகுதூரம் சேற்றைத் தாண்டி நடந்தால்தான் தண்ணீர். சித்தி கரையில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“கண்ணு, ஓடிப்போயி உங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு சொல்லு. இப்படியே திரும்பிப் போயிரலாமான்னு சித்தி கேக்கறாங்கன்னு சொல்லு. மாட்டப் பத்தி இனிமே பேசமாட்டாங்களாம்னு சொல்லு. அவரு சரின்னா நான் எந்திரிச்சு வாரேன். அவங்க நம்மளப் பாக்கறதுக்குள்ள ஓடு சாமி.”

ஓடினேன். வளையல்கள் மேலும் கீழும் குலுங்கின. பாதித் தூரத்தில்தான் யோசனை வந்தது. திரும்பிவிட்டால் துரும்பு? இத்தனை மலை ஏறி இறங்கியது எதற்கு? தெருவில் போய் என்ன சொல்வேன்? ராசியாவதென்றால் துரும்பைக் கிள்ளிய பிறகு ஆகிக்கொள்ளட்டுமே, துரும்புக்கா பஞ்சம், நாளைக்கே மறுபடி கட்டிக்கொண்டால் போயிற்று என்று என் எட்டு வயசு மூளை தீர்ப்புச் சொன்னது.

சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை.

“என்ன கண்ணு? சித்தி என்ன சொன்னா?”

“சீக்கிரம் வரச் சொன்னாங்க சித்தப்பா. அவங்கெல்லாம் காத்திருக்காங்களாம்.”

“வேறொண்ணும் சொல்லலியா?”

“இல்லீங்க.”

அவர் மறுபடி குனிந்து, கழுவிய முகத்தையே கழுவ ஆரம்பித்தார். நான் கரைக்கு ஓடினேன். சித்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், துணிமூட்டை இடுப்பில்.

“சொன்னயா?”

“சொன்னனுங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லலீங்க” என்றேன். முழுப் பொய்யும் இல்லையே என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். மூட்டையைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்காக நிற்காமல், அவளே முன்னால் நடந்து போனாள். ஐந்து நாளில் முதல் தடவையாக வேகமாக நடந்தாள்.

வேப்பமரத்தடியில் யார் யாரோ ஏதேதோ கேட்டார்கள். “சம்மதந்தானா?” என்று இருவரிடமும் மும்முறை கேட்டார்கள். அதற்கு மட்டும் என்னை நடுவில் விடவில்லை. ஒரு பெரியவர் பக்கத்துக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவிச் சித்தப்பாவிடம் நீட்டினார். நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். சின்னத் துரும்பு. சத்தமே வரவில்லை. இதற்கா என்று ஆகிவிட்டது எனக்கு. சித்தி தாலியை எப்போது கழற்றினாள், அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. நான் துரும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமே சித்தியை வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பா கடைசிவரை யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அந்த ஐந்து நாளும் நான் சுமந்த பேச்சு அத்தனையையும் அவர்கள் தங்கள் காதாலேயே கேட்டிருந்தார்கள். நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்திருக்காது. கேட்காத தூரத்திலிருந்து வந்தது ஒரே ஒரு சேதி. அதைத்தான் நான் கொண்டுபோகவில்லை. சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவளான பிறகு எத்தனையோ தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். தைரியம் வந்ததில்லை, அவரும் போய்விட்டார்.

திரும்பும்போது அதே மலையை ஒன்றரை நாளில் தாண்டினோம். எங்கேயும் உட்காரவில்லை. மேற்குச் சரிவில் எங்கள் ஏரி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் சித்தப்பா நின்றார். “ஏங்கண்ணு, ஏரிக்கிட்ட உங்க சித்தி வேறொண்ணும் சொல்லலதான?” என்றார். வழியில் அது மூன்றாவது தடவை. கால் வலி எனக்கு. “எத்தன தடவதான் கேப்பீங்க சித்தப்பா, அதான் இல்லீங்கறனே” என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கால் வலிக்குதா சாமி என்று கேட்டு, என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இறங்கினார்.