திரும்பி வந்த நீல ரின்

பேனாட் பொய் சொல்லாத ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மன்னாரில் புடவைக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவன். சாயம் போகிற சீத்தைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இது உங்கட பேத்தியும் உடுப்பா" என்று சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவன். ஆனால் அவன் பொய்யில் எப்போதும் ஒரு லாபம் இருக்கும். இந்தக் கதையில் அவனுக்கு ஒரு சதம் லாபமில்லை. வேலையை விட்டான். பழகிய வீட்டைவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டுக்கு ஓடினான். நட்டப்பட்டுப் பொய் சொல்கிற வியாபாரியை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

ஆகவே நம்புங்கள். இது நடந்தது. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் நேரம், மொன்றியலில், ரொக்ஸ்பரோவில்.

ரெயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் ஒரு பழைய கல்வீடு. அந்தப் பகுதியின் பழங்காலத்தைக் காட்டுகிற சின்ன மியூசியம். ஏர், பால் வாளி, யாரோ ஒரு பாதிரியாரின் தொப்பி என்று மொத்தம் நாலு அறைச் சாமான். "இதை எங்கட அப்பாவிட்டக் குடுத்திருந்தா ஒரு சனிக்கிழமைக்குள்ள வித்து முடிச்சிருப்பார்" என்பான் பேனாட். அங்கே அவனுக்குப் பராமரிப்பு வேலை. நத்தார் விடுமுறைக்கு மியூசியம் பூட்டு என்றாலும் அவனுக்குப் பூட்டு இல்லை. தினமும் பின்னேரம் போய், ஹீற்றர் வேலை செய்கிறதா, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பூட்டுத் திறப்பு இரண்டே இரண்டு. ஒன்று பொறுப்பாளர் மதாம் கொலெத்திடம், மற்றது இவனிடம்.

சமையலறையை, அந்தக் குசினியை, அந்தக் காலத்து நத்தார் விருந்துபோல அலங்கரித்திருந்தார் மதாம். நீள மேசை, ஆறு தட்டு. கதவோரம், தள்ளி, ஏழாவது தட்டு. அதற்குப் பக்கத்தில் பெட்டிபோல மூடி வைத்த, உட்காருகிற நீள மர வாங்கு.

"அந்தத் தட்டு பிச்சைக்காரனுக்கு" என்று சொல்லியிருந்தார் மதாம். "பனிக்காலத்தில் ஊரூராக அலைந்து வருவான். அவனுக்குச் சோறு இல்லையென்று சொல்ல எவருக்கும் தைரியம் வராது. சபித்துவிடுவான் என்று பயம். இப்படியான வாங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே படுக்கை. அதில்தான் அவனைப் படுக்க விடுவார்கள்."

டிசம்பர் 24. பேனாட்டின் மனைவி கிறேஸுக்கு டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. நத்தாருக்கு லீவு கிடையாது. ஐந்து வயது மகள் அனோஜினியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெறியும் பூட்டு. எனவே பேனாட் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். கையில் ஒரு நீல பிஸ்கற் ரின். உள்ளே கிறேஸ் சுட்ட கொக்கிஸ், பயத்தம்பணியாரம், நாலு துண்டு கேக்.

"மதாமுக்குக் குடுங்கோ. எல்லாருக்கும் குடுத்திட்டு அந்த மனிசிக்குக் குடுக்காட்டி வடிவில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் கிறேஸ்.

மதாம் அங்கே இல்லை. கேக் எப்படியும் கெடாது, வந்து எடுக்கட்டும் என்று நினைத்தான் பேனாட். அவன் ஹீற்றரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அனோஜினி ரின்னைக் கொண்டுபோய் ஏழாவது தட்டில் வைத்து, மூடியையும் திறந்துவிட்டிருந்தாள். வாங்கைப் பார்த்து நின்றாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள். தாய் பழக்கிய பழக்கம்.

"ஆருக்கடி சொல்லுறாய்?"

"அவருக்கு."

பேனாட் சிரித்தான். நாலேகால் மணி. வெளியே இருட்டிவிட்டது. ஹீற்றர் சூடேறுகிற சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக்...

மறுநாள் பூசை முடிந்து, நத்தார் சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்குப் போனான். ரின் அதே தட்டில் இருந்தது. வெறுமையாக அல்ல. கழுவித் துடைத்த ரின்னுக்குள் இதய வடிவில் ஒரு மேப்பிள் சர்க்கரைக் கட்டி.

கிறேஸுக்குப் பெரிய சந்தோஷம். நத்தாருக்குப் பலகாரத் தட்டு அயலுக்குப் போனால், அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறுந்தட்டு வந்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

"பாத்தீங்களே, வெள்ளைக்காரி எண்டாலும் முறை தெரிஞ்ச மனிசி" என்றாள். "நாங்களும் வெறும் ரின்னை வீட்டில வச்சிருக்கக் கூடாது. நாளைக்கு ரோல்ஸ் போட்டுத் தாறன், கொண்டுபோங்கோ."

"இப்பிடியே மாறி மாறிக் குடுத்தா எப்ப முடியிறது?"

"முடியிறதுக்கோ குடுக்கிறது?"

26ஆம் தேதி ரோல்ஸோடு போனான். படியேறும்போதுதான் ஒன்றைக் கவனித்தான். 24ஆம் தேதி காலைக்குப் பிறகு ஸ்னோ கொட்டவில்லை. காற்றும் இல்லை. முற்றத்தில் பழைய அடிகள் அப்படியே இருந்தன. எல்லாம் அவனுடைய பூட்ஸ் அடிகளும் அனோஜினியின் சின்ன அடிகளும்தான்.

மதாம் எந்த வழியால் வந்துபோனார்?

27ஆம் தேதி ரின்னுக்குள் சிவப்புக் கம்பளிக் கையுறை. ஒன்றே ஒன்று. குழந்தையின் அளவு. கையால் பின்னியது. கையில் எடுத்தபோது... சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல.

குசினியில் நின்றபடியே மதாமுக்குப் போன் எடுத்தான்.

"நன்றி மதாம். சர்க்கரைக்கும் கையுறைக்கும்."

"எந்தச் சர்க்கரை? பேனாட், நான் 23ஆம் தேதியிலிருந்து புளோரிடாவில் இருக்கிறேன். கடல் சத்தம் கேட்கவில்லையா?"

கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. டிக்... டிக்... டிக்...

ஹீற்றர் குசினிக்கு மற்றப் பக்கத்தில். சத்தம் வாங்குக்குள் இருந்து வந்தது.

அவன் திரும்பியதும் நின்றுவிட்டது.

 இரவில் வேலையால் களைத்து வருகிற கிறேஸுக்கு இதை எந்த முகத்தோடு சொல்வது? கையுறையை ஜக்கெற் பைக்குள் ஒளித்துவைத்தான். மறுநாள் காலையில் அனோஜினி அதைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். விரல் நுனிவரை சரியான அளவு.

"மற்றது எங்க அப்பா?"

பறித்துக் குப்பையில் போட்டான். மியூசியத்துக்குத் தனியே போனான், ஓட்டமாக ஓடிவந்தான். ரின்னைத் திரும்பக் கொண்டுபோகவே இல்லை.

31ஆம் தேதி கிறேஸுக்கு வேலை. மகளைப் பார்க்க ஆளில்லை. குளிரோ மைனஸ் இருபத்திரண்டு. குழாய் உறைந்து வெடித்தால் வேலை போகும். மியூசிய வாசலில் காரை ஓடவிட்டு, பின் இருக்கையில் மகளின் வாரைப் பூட்டினான்.

"இறங்கக்கூடாது. ரெண்டு நிமிசம்."

"ஓம் அப்பா."

அவளுடைய பைக்குள் நீல ரின் இருந்தது அவனுக்குத் தெரியாது. காலையில் கிறேஸ் கேக் நிரப்பி வைத்து, "அப்பாட்டச் சொல்லிக் குடு, மறந்திடாத" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நாலு மணி இருபது. கீழே இறங்கிக் குழாயைப் பார்த்தான். மேலே வந்தான். முன்கதவைத் திறந்தான்.

காரின் பின்கதவு திறந்து கிடந்தது.

வார் கழன்றிருந்தது. அந்தக் கொழுவியைக் கழற்ற அனோஜினியின் விரலுக்குப் பலம் போதாது. தினமும் அவன்தான் கழற்றுவான்.

ஸ்னோவில் சின்ன அடிகள். அவள் அடிகள் மட்டும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போயின. வலது கால் ஆழமாக. இடது கால் மேலோட்டமாக. ஒரு கையை யாரோ உயரப் பிடித்து நடத்திப் போனால் அடி அப்படித்தான் விழும்.

பின்பக்கம் குசினிக் கதவு. அடிகள் கதவில் போய் முடிந்தன.

கதவுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஸ்னோ. யாரும் திறந்த அடையாளம் இல்லை.

"அனோ!"

கதவைத் தட்டினான். திறக்கவில்லை.

திரும்பி ஓடினான். முன்கதவு. நடை. குசினி.

டிக்... டிக்... டிக்... டிக்...

வேகமாக. அவசரமாக. முடிக்க வேண்டிய வேலைபோல.

லைற்றைப் போட்டான்.

நின்றது.

ஏழாவது தட்டில் ரின். கேக் இல்லை. துகள்கள் மட்டும்.

வாங்கின் மூடி திறந்திருந்தது.

உள்ளே அனோஜினி. கழுத்துவரை சாம்பல் நிறக் கம்பளி. கண் மூடியிருந்தாள். நெஞ்சின்மேல் இரண்டு கைகள். இரண்டிலும் சிவப்புக் கையுறை.

அவன் குப்பையில் போட்டதும்... அதன் சோடியும்.

தூக்கினான். முடியவில்லை. பதினெட்டுக் கிலோப் பிள்ளை அரிசி மூட்டைபோலக் கனத்தாள். வாங்குக்கு அடியிலிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல.

பேனாட் வாயைத் திறந்தான். செபம் வரவில்லை. வியாபாரம்தான் வந்தது.

"ஐயா... தெரியாமக் குடுத்திட்டம். பிள்ளையை விடும். வேற என்ன வேணுமெண்டாலும் கேளும்."

டிக்.

ஒரே ஒரு தரம். காதுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் புரிந்தது. கேட்கக் கேட்க இது முடியாது. கொடுக்கக் கொடுக்க எடுக்கும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. கிறேஸ் கேட்டால் வெட்கப்படுகிற வழி.

மகளின் கைகளிலிருந்து கையுறைகளை உரித்தான். வாங்குக்குள் எறிந்தான். ரின்னைக் கவிழ்த்துத் தட்டினான். கடைசித் துகளையும் கையால் துடைத்தான். அதைத் தட்டில் வைத்தான்.

"இந்தாரும். வெறும் ரின். எங்களுக்கும் உமக்கும் இனி ஒண்டுமில்லை."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அனோஜினி பஞ்சுபோல எழும்பினாள்.

ஓடினான்.

பின்னால் மூடி விழுந்தது. தடார்.

காருக்குள் அவள் கண்விழித்தாள். அழவில்லை.

"ஏனப்பா தூக்கினீங்கள்? அந்த மொஸ்யூ ஐயா அளவெடுத்து முடிக்கேல்லை."

அன்றிரவு அவளுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போது கிறேஸ் கத்தினாள். பிடரிப் பக்கம், உள்ளே, இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் இல்லை. ஒட்ட நறுக்கியிருந்தது. பேனாட் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். கிறேஸ் எழும்பினாள். மேசையில் மிச்சமிருந்த பலகாரத்தை எல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினாள்.

ஜனவரி 7ஆம் தேதி. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். மதாம் வெயிலில் சிவந்த முகத்தோடு வந்திருந்தார். வேலையை விடுகிறேன் என்று சொல்லித் திறப்பை நீட்டினான் பேனாட். போகும்போது, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மதாம், அந்த வாங்குக்குள்ளே கம்பளி யார் போட்டது?"

"எந்த வாங்கு? குசினியில் உள்ளதா?" மதாம் சிரித்தார். "அது திறக்காதே. நாங்கள் வாங்கும்போதே ஆணி அடித்துத்தான் இருந்தது. நாற்பது வருஷமாக ஒருவரும் திறந்ததில்லை. வாருங்கள், காட்டுகிறேன்."

காட்டினார். மூடியைச் சுற்றிப் பதினொரு ஆணி. எல்லாம் துருவேறி, மரத்தோடு மரமாக. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில், கீற்றுப்போன்ற இடுக்கில், ஒரு சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓ, மறந்துவிட்டேன்" என்றார் மதாம். நீல ரின்னைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "மேசையில் விட்டுப் போயிருக்கிறீர்கள். மன்னியுங்கள், திறந்து பார்த்துவிட்டேன். உங்கள் மனைவி அழகாகப் பின்னுகிறார்."

பேனாட் காருக்குள் இருந்து ரின்னைத் திறந்தான்.

ஒரு சோடிச் சிவப்புக் கையுறை. புதியது. மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய கறுப்பு வரி.

தொட்டுப் பார்த்தான். நூல் இல்லை. மயிர்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மகளின் கையில் போட்டுப் பார்க்கவில்லை. தேவையும் இல்லை. புடவைக்கடையில் வளர்ந்தவனுக்கு அளவு கண்ணிலேயே தெரியும்.

இப்போது கொஞ்சம் பெரிது.

வாற நத்தாருக்குச் சரியாக இருக்கும்.